பழைய 44 அங்குலமா, புதிய 24 அங்குலமா? அகல பிரிண்டர் வாங்குவதில் ஒரு குழப்பம்

கேள்வி (கான்வாஸ்காரன்):

ஓவியர்களுக்கும் புகைப்படக் கலைஞர்களுக்கும் கான்வாஸிலும் பருத்தித் தாளிலும் அச்சிட்டுக் கொடுக்கும் சிறிய தொழில் என்னுடையது. இதுவரை 17 அங்குல பிரிண்டர் ஒன்றைக் கொண்டே சமாளித்து வந்தேன். இனி அது போதாது. தொழிலை நிறுத்தவிருக்கும் ஸ்டுடியோ ஒன்று, தன்னிடம் உள்ள எப்சன் ஸ்டைலஸ் புரோ 9900ஐ, மீதமுள்ள மை, தாள் ரோல்கள் அனைத்தோடும் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தர முன்வந்திருக்கிறது. அது 2008இல் அறிமுகமான மாடல். அகலம் 44 அங்குலம். அந்தத் தொகையைப் போலப் பல மடங்கு கொடுத்தால் புதிய கேனான் இமேஜ்புரோகிராஃப் புரோ-2100 கிடைக்கும். அதன் அகலம் 24 அங்குலம்தான் என்றாலும் உத்தரவாதம் உண்டு. எனக்கு வேலை சீராக வருவதில்லை. ஒரு வாரம் நாற்பது சதுர அடி அச்சிடுவேன். மறு வாரம் இயந்திரத்தைத் தொடவே மாட்டேன். அகலத்தை நம்பிப் பழையதை வாங்கலாமா?

பதில் 1 (ஹெட் மெக்கானிக்):

நீங்கள் மாடலின் வயதைப் பார்க்கிறீர்கள்; நான் உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளைப் பார்க்கிறேன். ஒரு வாரம் ஓடி மறு வாரம் சும்மா நிற்பதுதான் பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) இயந்திரத்துக்குப் பெரும் பகை; சும்மா நிற்கும்போது மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும்.

இந்த இரண்டு இயந்திரங்களின் ஹெட்டுகளும் (மையைத் தாளில் தெளிக்கும் பகுதி) அடிப்படையிலேயே வேறுபட்டவை. எப்சனுடையது பீசோ வகை. மின்னழுத்தம் பட்டதும் வடிவம் மாறும் படிகம் மையைத் தள்ளுகிறது. அது இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பொருத்தப்படுவது. கெட்டுவிட்டால் டெக்னீஷியன் வந்துதான் மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவு பழைய இயந்திரத்தின் விலையையே எட்டிவிடும். கேனானுடையது வெப்ப வகை. மை நொடிப்பொழுதில் சூடாகிக் குமிழியாகி வெளியே தெறிக்கிறது. அந்த ஹெட் தேய்ந்துபோகும் பொருள் என்பதை ஒப்புக்கொண்டே வடிவமைக்கப்பட்டிருப்பதால், நீங்களே சில நிமிடங்களில் கழற்றி மாட்டலாம். புரோ-2100இல் நிறத்துக்கு 1,536 வீதம் 18,432 நாசில்கள், அதாவது மை வெளிவரும் நுண்துளைகள், இருக்கின்றன. சில அடைத்துக்கொண்டாலும் மற்றவை அவற்றின் வேலையை எடுத்துக்கொள்ளும். 9900இல் நிறத்துக்கு 360 நாசில்கள்.

அப்படியும் பழையதைப் பார்க்கப் போவதானால் ஒரு முறை மட்டும் நாசில் செக் (ஒவ்வொரு நாசிலும் ஒரு கோடு போடும் சோதனைத் தாள்) எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். விற்பவர் முதல் நாள் இரவே இரண்டு முறை பவர் கிளீனிங் (நிறைய மையை இழுத்து ஹெட்டைச் சுத்தம் செய்வது) கொடுத்து வைத்திருக்கலாம். ஒரு தாள் எடுங்கள், ஒரு பெரிய படம் அச்சிடுங்கள், உடனே இன்னொரு தாள் எடுங்கள், மறுநாள் காலை கிளீனிங் எதுவும் கொடுக்காமல் மூன்றாவது தாள் எடுங்கள். மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். விடுபட்ட கோடு மூன்று தாளிலும் ஒரே இடத்தில் இருந்தால் அந்த நாசில் கெட்டியாக அடைத்திருக்கிறது, அல்லது செத்தே போயிருக்கிறது. இடம் மாறிக்கொண்டே இருந்தால் ஹெட் நன்றாகத்தான் இருக்கிறது. டேம்பரிலோ (ஹெட்டுக்கு முன் மை தேங்கும் சிறு அறை) குழாய் இணைப்பிலோ காற்று புகுகிறது என்று பொருள், அதைச் சரிசெய்துவிடலாம். மாலையில் முழுதாக இருந்தது காலையில் குறைந்திருந்தால் ஹெட் ஓய்வில் நிற்கும்போது அதை மூடிவைக்கும் கேப்பிங் ஸ்டேஷன் சரியாக மூடவில்லை.

பதில் 2 (ரோல் பேப்பர்):

மேலே சொல்லப்பட்டதை மறுக்கவில்லை. ஆனால் பழைய பீசோ இயந்திரங்களைப் பற்றி இங்கே நிலவும் அச்சம் அளவுக்கு மீறியது என்று எனக்குப் படுகிறது. என்னிடம் உள்ள இயந்திரம் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடந்தது; இன்னும் முதல் ஹெட்தான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் எல்லா நிறமும் பாயும்படி ஒரு சிறிய பட்டையை அச்சிடுவேன். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பேன். ஹெட்டைத் துடைக்கும் வைப்பரையும் அதை மூடும் கேப்பையும் மாதம் ஒருமுறை கையால் துடைப்பேன். இதைச் செய்ய மனம் இருப்பவருக்குப் பழையது லாபம். அச்சின் தரத்திலும் 9900ஐக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதில் உள்ள ஆரஞ்சு, பச்சை மைகள் தரும் சில சாயல்களைச் சிவப்பு, நீலம் கொண்ட கேனான் தொகுதி அதே வழியில் தருவதில்லை.

ஆனால் உங்களுக்கு உறுத்தப்போவது கறுப்பு. 9900இல் பளபளப்புத் தாளுக்கான கறுப்பும் மேட் தாளுக்கான கறுப்பும் ஹெட்டில் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றன. பருத்தித் தாளிலிருந்து பளபளப்புத் தாளுக்குப் போகும்போதெல்லாம் மாற்றத்துக்காகக் கொஞ்சம் மையும் சில நிமிடங்களும் வீணாகும். புரோ-2100இல் இரண்டுக்கும் தனி வழி. எப்சனும் பின்னர் எஸ்சி-பி9500இல் அப்படியே செய்துவிட்டது.

இலவசமாக வரும் மையைக் கண்டு மயங்க வேண்டாம். கார்ட்ரிட்ஜின் மேல் உள்ள தேதியைப் பாருங்கள். மாட்டிய பிறகு ஆறு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது என்பதையும் நினைவில் வையுங்கள். சதுர அடிக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், சராசரியாக வாரம் இருபது சதுர அடிக்கு உங்களுக்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் ஆகும். 9900இல் பதினொரு கார்ட்ரிட்ஜ்களும் 700 மில்லிலிட்டராக இருந்தால் 7,700 மில்லிலிட்டர். அது தீர ஆறு ஆண்டுகள் பிடிக்கும். இந்தக் கணக்கு புதிய இயந்திரத்துக்கும் பொருந்தும் என்பதால், எதை வாங்கினாலும் சிறிய கார்ட்ரிட்ஜையே மாட்டுங்கள், ஒரு மில்லிலிட்டருக்கான விலை சற்றுக் கூடினாலும்.

பதில் 3 (சட்டம் போடுபவர்):

எல்லோரும் ஹெட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி கேட்டவர் கான்வாஸ் அச்சிடுபவர் என்பதால் அகலத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்து அடிக்கும் கான்வாஸுக்குப் பக்கத்துக்கு இரண்டு அங்குலமாவது மடிப்பு விட வேண்டும். ஆகவே 24 அங்குல ரோலில் குறுகிய பக்கம் 20 அங்குலத்தைத் தாண்டாது. 24க்கு 36 படத்தைத் தாளில் அச்சிடலாம், கான்வாஸில் முடியாது. ஏ1 தாளின் குறுகிய பக்கம் 594 மில்லிமீட்டர், ரோல் 610 மில்லிமீட்டர், ஆகவே அதில் சிக்கல் இல்லை. சென்ற ஓராண்டு ஆர்டர்களை எடுத்து வைத்து, குறுகிய பக்கம் 20 அங்குலத்தைத் தாண்டிய கான்வாஸ் எத்தனை, அளவு பெரிது என்று நீங்களே திருப்பி அனுப்பியவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

கான்வாஸ்காரன்:

மூவருக்கும் நன்றி. இரண்டு நாள் தொடர்ந்து போய் மூன்று தாளும் எடுத்தேன். மூன்றிலும் ஒரு கோடுகூட விடுபடவில்லை. இயந்திரத்தை அவர்கள் நாள்தோறும் ஓட்டியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. மைக் கார்ட்ரிட்ஜ்களில் பாதிக்கு மேல் தேதி கடந்தவை. ஆர்டர் புத்தகத்தில் 20 அங்குலத்தைத் தாண்டிய கான்வாஸ் நான்கு. திருப்பி அனுப்பியவை, நினைவில் உள்ளவரை, ஐந்து. ஒன்பது வேலைக்காக நாள்தோறும் ஒரு இயந்திரத்துக்குப் பணிவிடை செய்யும் ஆள் நான் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிய 24 அங்குலத்தையே வாங்குகிறேன். பெரிய கான்வாஸ்களை வெளியே கொடுத்து அச்சிட்டுக்கொள்வேன். அவர்களிடம் உள்ள 44 அங்குலப் பருத்தித் தாள் ரோல்களை மட்டும் வாங்கி, 24 அங்குலமாக அறுத்துப் பயன்படுத்தலாம் என்றிருக்கிறேன்.

ஹெட் மெக்கானிக்:

ரோலாகவே வைத்து ரம்பத்தால் அறுக்காதீர்கள். பருத்தித் தாளின் தூள் விளிம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு நேரே புதிய ஹெட்டுக்குத்தான் போகும். விரித்து, கூரிய பிளேடால் தாள் தாளாக வெட்டி, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, ஒவ்வொரு தாளாகச் செலுத்துங்கள்.