க்ரோனோ முள் 12-ல நிக்க மாட்டேங்குது, அவசரம்

நீலடயல்:
மக்களே, க்ரோனோகிராஃப் வாட்ச், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ளது. ரீசெட் அடிச்சா நடு முள் 12-ஐத் தாண்டிப் போய் நிக்குது. போன வாரம் வரைக்கும் சரியாதான் இருந்துச்சு. ரெண்டு பட்டனையும் மாத்தி மாத்தி அழுத்திப் பார்த்தாச்சு. நாளைக்குள்ள சரி பண்ணணும்.

பல்சக்கரம்:
குவார்ட்ஸா (பேட்டரி), ஆட்டோமேட்டிக்கா? உள்ளே இருக்கிற இயந்திரம், அதான் மூவ்மென்ட், எது? எத்தனை நொடி தாண்டுது? ஒவ்வொரு தடவையும் அதே இடமா, இடம் மாறுதா? இது தெரியாம எதைச் சொன்னாலும் குருட்டடிதான்.

காந்தக்கல்:
காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர் பக்கத்துல வச்சீங்களா? முதல்ல டீமேக்னடைஸ் பண்ணுங்க.

சாவிக்காரன்:
குவார்ட்ஸ்னா சுலபம். க்ரௌனை, அதாவது நேரம் வைக்கிற திருகை, கடைசி வரைக்கும் இழுத்துட்டு மேல் பட்டனை அழுத்துங்க. ஒரு அழுத்துக்கு ஒரு படி நகரும், அழுத்திப் பிடிச்சா வேகமா ஓடும். சிலதுல கீழ் பட்டன். 12-க்கு வந்ததும் க்ரௌனை உள்ளே தள்ளிடுங்க. பேட்டரி மாத்தினா இப்படி விலகுறது சகஜம்.

நீலடயல்:
பேட்டரி வாட்ச்தான், ஆனா மாத்தல. நீங்க சொன்ன மாதிரி அழுத்தினேன், அசையவே இல்ல. ரீசெட் அடிச்சா முள் சடார்னு ஒரே அடியில திரும்புது.

மூத்தமுள்:
அந்த 'சடார்' முதல் பதிவிலேயே வந்திருக்க வேண்டியது. மெக்காகுவார்ட்ஸ்: பேட்டரியில் ஓடும், ஆனால் ஸ்டாப்வாட்ச் பகுதி மெக்கானிக்கல். இதற்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாகிவிட்டது! தேடல் பெட்டி அழகுக்கு வைத்ததில்லை. முள் நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறதா? 3-ல் 24 மணி, 6-ல் சிறு நொடி, 9-ல் நிமிடமா? அப்படியென்றால் சீகோவின் விகே63 மூவ்மென்ட்.

நீலடயல்:
அதேதான் சார். ரெண்டு நொடி தாண்டுது. எப்பவும் அதே இடம்.

பல்சக்கரம்:
அப்போ பட்டனால சரியாகாது. இதுல ரீசெட் அடிச்சா ஒரு சுத்தியல் முள்ளோட அச்சுல இருக்கிற இதய வடிவத் தகடு (கேம்) மேல அடிச்சு அச்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பும். அச்சு சரியா வருது, அதுமேல முள்தான் நகர்ந்திருக்கு. கீழே விழுந்தாலோ இடிபட்டாலோ ஆகும். இடம் மாறி மாறி நின்னா முள் லூஸ்னு அர்த்தம்.

பின்மூடியைத் திறந்து, ஸ்டெம்மை (க்ரௌனோட தண்டு) எடுத்து, மூவ்மென்டை வெளியே எடுங்க. டயல் மேல மெல்லிய பிளாஸ்டிக் தாள் வச்சு, ரெண்டு நெம்பியால ரெண்டு பக்கமும் சமமா முள்ளைத் தூக்குங்க. ரீசெட் அடிச்சு, முள்ளை 12-க்கு நேரா வச்சு அழுத்துங்க. மூவ்மென்ட் ஹோல்டர்ல இருக்கணும், மேசைமேல வெறுமனே வச்சு அழுத்தினா அச்சு போயிடும். மூவ்மென்டைத் திரும்ப உள்ளே வைக்கிறதுக்கு முன்னாடி 20 தடவையாவது ரீசெட் அடிச்சுப் பாருங்க. அவசரத்துல இதை விட்டுட்டுத்தான் பலபேர் ரெண்டாவது தடவை திறக்கிறாங்க.

காந்தக்கல்:
இருந்தாலும் ஒருதடவை டீமேக்னடைஸ் பண்ணிப் பார்த்தா என்ன?

பல்சக்கரம்:
காந்தம் பட்டா மோட்டார் தடுமாறும், நின்னுபோகும். ரீசெட்ல சரியா ரெண்டு நொடி எப்படித் தாண்டும்?

சாவிக்காரன்:
நாள் முழுக்க க்ரோனோவை ஓட விடுறவங்களுக்குத்தான் இதெல்லாம் வரும். தேய்மானம்.

தங்கரோட்டர்:
யார் சொன்னது? மெக்கானிக்கல் க்ரோனோவை ஓட்டத்தோட இணைக்கிறது கிளட்ச்; அது மேலும் கீழுமா சேருற வெர்டிகல் கிளட்ச்னா, ஓட விட்டா ஒண்ணும் ஆகாது. 1969-லயே சீகோ 6139 மூவ்மென்ட்ல அது இருக்கு.

சாவிக்காரன்:
எல்லா வாட்ச்சும் 6139 இல்லையே. பல்சக்கரம் பக்கவாட்டுல வந்து சேருற பக்கவாட்டு கிளட்ச்னா, க்ரோனோ ஓடும்போது பேலன்ஸ் சக்கரம் ஆடுற வீச்சு குறையும், நேரமும் மாறும்.

தங்கரோட்டர்:
வால்ஜூ 7750 மூவ்மென்ட்லயும் பக்கவாட்டு கிளட்ச்னு சொல்வீங்க போல. அதுல இருக்கிறது ஆடும் பினியன், அதாவது சாய்ஞ்சு சேருற சின்னப் பல்சக்கரம்.

மூத்தமுள்:
இருவரும் எந்த வாட்ச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள்? விகேவில் ஓடவிட்டால் பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

நீலடயல்:
சரியாயிடுச்சு. முள் லூஸ்தான். நன்றி.

பல்சக்கரம்:
எப்பவும் அதே இடம்னு சொன்னீங்களே? முள்ளு அச்சுல மாட்டுற குழாயை இறுக்கினீங்களா, வேற முள் போட்டீங்களா? இறுக்காம அப்படியே அழுத்தியிருந்தா நாலு ரீசெட்டுக்குக்கூட தாங்காது.