கூம்பு நத்தையின் பல்: நச்சூசியா, எறியுளியா?

அன்பர்களுக்கு வணக்கம். கோனஸ் ஜியோகிராபஸ் என்ற நச்சுக் கூம்பு நத்தைக்கான அருங்காட்சியகப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நத்தை வாயிலுள்ள பல்லுறுப்பான ராடுலாவை 'அராவும் உறுப்பு' என்கிறோம். பாசி சுரண்டும் நத்தைக்கு அது சரி. கூம்பு நத்தை எதையும் அராவுவதில்லை. அதன் ஒவ்வொரு பல்லும் தாளைச் சுருட்டியதுபோல் குழலாக, முனையில் கொக்கியோடு இருக்கும். பற்கள் இருக்கும் பையிலிருந்து ஒரு பல் வாய்க்குழல் நுனிக்கு வரும். நச்சுக்குமிழ் சுருங்கி நஞ்சைத் தள்ளும். ஒரு பல் ஒரு குத்துக்குத்தான். இந்தப் பல்லுக்கு 'நச்சூசி' என்று பெயர் எழுதியிருக்கிறேன். சரியா?

---

ஐயா, குறுந்தொகைப் பரதவர் கையிலேயே 'கூர்வாய் எறியுளி' இருக்கிறதே! பெருமீன் வேட்டைக்கருவி. பல்லுக்கு அதையே பெயராக்கலாம். உள் என்ற வேரிலிருந்துதான் உளி வந்தது என்பேன். உள்ளே புகுவது உளி. உளுத்தல், உளை எல்லாம் அந்தக் குடும்பமே.

---

வேராராய்ச்சி இருக்கட்டும். எறிதல் பொருந்துகிறதா? மீன் தின்னும் கோனஸ் மேகஸ் பல்லின் அடியைக் கவ்வியபடியே இரையை இழுக்கிறது. ஜியோகிராபஸ் வாயை வலைபோல் விரித்து மீனை மூடிய பிறகே குத்துகிறது. பிற நத்தைகளைத் தின்னும் கோனஸ் டெக்ஸ்டைல்தான் பல்லை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். உளி என்றால் மாணவருக்குத் தச்சுப்பட்டறைதான் தெரியும். அதில் துளை ஏது? அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுக்கும் 'குத்தூசி' பொருந்தும்.

---

குத்தூசி உள்ளிருப்பதை வெளியே எடுக்கும். இந்தப் பல் உள்ளே செலுத்தும். திசையே மாறுகிறது. அந்தப் பாட்டிலேயே 'எறிந்து வாங்குவிசை' என்றும் வருகிறது. வாங்குதல் இழுத்தல்தானே? மேகஸ் செய்வதும் அதுதான்.

---

பல்லை விடுங்கள், பலகையின் மூன்றாம் வரி உயிருக்கே உலை. 'ஓட்டின் உச்சியைப் பிடிக்கலாம்' என்றிருக்கிறது. கணக்குப் பாடத்துக் கூம்பில் உச்சி கூர்முனை. நத்தை ஓட்டில் உச்சி என்பது சுருள் தொடங்கிய இடம், அதாவது அகன்ற பக்கம். படிப்பவர் கூர்முனையைப் பிடிப்பார். வாய்க்குழல் வெளிவருவது அங்கேதான். அகன்ற பக்கமும் காப்பில்லை, குழல் வளைந்து அங்கும் எட்டும். 'உயிருள்ளதைத் தொடாதீர்கள்' என்பதோடு நிறுத்துங்கள். முறிமருந்து கிடையாது; மூச்சுத்தசை முடங்கினால் நஞ்சின் வேகம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பில் 'கூம்புச் சங்கு' வேண்டாம், சங்கு என்றாலே கை நீளும். 'கூம்பு நத்தை' இருக்கட்டும்.

---

நன்றி அம்மா. உச்சியை அடியோடு எடுத்துவிட்டேன். தலைப்பு கூம்பு நத்தை. பல்லுக்கு, பெரும்பாலோர் ஒப்பியபடி, நச்சூசி.

---

என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். ஊசிக்குக் கொக்கி கிடையாது. குத்திய மீன் நழுவாமல் இருப்பதே அந்தக் கொக்கியால்தான். அதைச் சொல்லாத பெயர் பாதிப் பெயர். அடுத்த பதிப்புக்கு எறியுளியோடு வருவேன்.