குறைந்த பட்ஜெட்டில் பேஸ் ஆம்ப்: மண்டபத்தில் நான் வாசிப்பது எனக்கே கேட்கவில்லை

சாட்ஸ்வொர்த் பேஸ்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் தமிழ் கோயில் வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்த குழு. டிரம்ஸ், கீபோர்டு, லீட் கிடார், பாடுவதற்கு இரண்டு பேர், பேஸ் கிடார் நான். கல்யாண வரவேற்பு, அறுபதாம் பிறந்தநாள், கோயில் விழா மேடை என்று மாதத்துக்கு இரண்டு மூன்று வரும். என்னிடம் இருப்பது 35 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), உள்ளே ஒரே ஒரு 10 அங்குல ஸ்பீக்கர். வீட்டில் வாசித்தால் ஜன்னல் அதிரும், அம்மா கத்துவார். ஆனால் போன சனிக்கிழமை இங்கே டர்பன் ஃபீனிக்ஸில் ஒரு மண்டபம், இருநூறு பேர் இருப்பார்கள், முதல் பாட்டிலேயே நான் காணாமல் போய்விட்டேன். ஆம்பில் கீழ்ச்சுரத்தைக் கூட்டும் பேஸ் நாபை முழுக்கத் திருப்பினேன், அப்போதும் சத்தம் கூடவில்லை, கீழ் இ கம்பியைத் தட்டினால் 'பர்ர்' என்று கிழிந்த பறை மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பாதியில் கரன்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள், அதிலிருந்து கூடவே ஒரு உறுமல் வேறு.

கையில் 6,500 ராண்ட் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. புதிதாக 12 அங்குல 100 வாட் காம்போ ஒன்று வாங்க அதில் கொஞ்சம் இடிக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர் பழைய 15 அங்குல காம்போ விற்கிறார், 4,800 கேட்கிறார், பார்த்தாலே பயமாக இருக்கும் அளவு பெரிய பெட்டி. மூன்றாவதாக, அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன் டிசம்பரில் வருகிறான், அங்கே மலிவு, கொண்டுவருகிறேன் என்கிறான். எதை எடுக்க?

பழைய தாளக்காரன்:
தம்பி, முதலில் பேஸ் நாபில் இருந்து கையை எடு. முப்பது வருஷமாக டிரம்ஸில் உட்கார்ந்து பேஸ்காரர்கள் எல்லாரும் இதையே செய்வதைப் பார்க்கிறேன். அந்த நாபில் 12 டெசிபெல் கூட்டினால் அந்த இடத்தில் ஆம்ப் 16 மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். உன் 35 வாட் அதற்கு எங்கே போகும்? கீழ் இ கம்பியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், அதை அந்தச் சின்னப் பெட்டி எப்படியும் தராது. பெரிய மேடையில் அடுக்கி வைக்கிறார்களே, பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு உள்ள ஆம்பெக் கம்பெனிப் பெட்டி, அதுவே 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். நாம் பேஸ் என்று கேட்பதில் பெரும்பங்கு 80, 120 ஹெர்ட்ஸில் வரும் மேற்சுரங்கள்தான், அடியை நம் காதே நிரப்பிக்கொள்ளும்.

அதனால் பேஸ் நாபை நடுவில் வை, மிட் நாபைக் கொஞ்சம் ஏற்று. வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல் மாதிரி அசிங்கமாக இருக்கும், மண்டபத்தில் அதுதான் வெளியே வரும். ஆம்பைச் சுவரோரமாகத் தள்ளு, மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. சும்மா கிடைக்கும் சத்தம் அது, காசு இல்லை. உன் காதுக்குக் கேட்க வேண்டும் என்றால் முன்பக்கம் ஒரு கட்டையைக் கொடுத்துப் பின்னால் சாய்த்து வை. முழங்காலுக்குக் காது கிடையாது.

அப்புறம், உங்களிடம் சொந்த பிஏ (மண்டபத்துக்குச் சத்தம் கொடுக்கும் ஸ்பீக்கர் செட்) இருக்கிறதா? அதைச் சொல்லாமல் ஆம்ப் கேட்டால் யாரும் சரியாகப் பதில் சொல்ல முடியாது.

டோங்காட் ஐந்து கம்பி:
300 வாட்டுக்குக் குறைந்து எதையும் தொடாதே சகோ. நான் ஐந்து கம்பி வாசிக்கிறேன், பி கம்பி 31 ஹெர்ட்ஸ், 100 வாட் ஆம்பில் அது வெறும் காற்று. இரண்டு முறை வாங்கி இரண்டு முறை நஷ்டப்பட்டேன். கடன் வாங்கியாவது பெரிதாக ஒரே முறை வாங்கு.

பழைய தாளக்காரன்:
கல்யாணத்துக்கு வாசித்துக் கிடைக்கும் காசில் கடன் கட்டச் சொல்கிறாயா! அறுபதுகளில் பெயர் வாங்கிய பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகளில் வைத்திருந்த ஆம்பெக் பி-15இல் ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சக்தி 30 வாட் அளவுதான்.

டோங்காட் ஐந்து கம்பி:
அண்ணே, அந்தக் காலத்து டிரம்மர் உங்களை மாதிரி அடித்திருக்க மாட்டார்.

பழைய தாளக்காரன்:
அது சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான், காதுக்குக் 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தோன்றும், அவ்வளவுதான். சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபெல்லை நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாட்டே கூட்டாமல் தந்துவிடும். 10 அங்குலத்தில் இருந்து 15க்குப் போனால் கூம்பின் பரப்பு இரண்டேகால் மடங்கு. தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: காற்றைத் தள்ளுவது வாட் இல்லை, கூம்பு.

மின்பொறி:
நான் ஆம்ப் பழுது பார்ப்பவன், இசை தெரியாது. சத்தம் பற்றாதது ஒரு பிரச்சினை, 'பர்ர்' என்று கிழிவது வேறு ஒரு பிரச்சினையாக இருக்கலாம், எல்லாரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். உங்கள் பேஸ் ஆக்டிவா? அதாவது உள்ளே 9 வோல்ட் பாட்டரி இருக்கிறதா? எப்போது மாற்றினீர்கள்? வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றுகிறீர்களா, அல்லது செருகியபடியே சாத்தி வைக்கிறீர்களா? கேபிள் செருகியிருந்தால் வாசிக்காவிட்டாலும் பாட்டரி கரைந்துகொண்டே இருக்கும். பாட்டரி இறங்கினால் முதலில் உடைவது பலமாகத் தட்டும் கீழ்ச்சுரம்தான், கேட்பதற்கு ஸ்பீக்கர் கிழிந்த மாதிரியே இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மாமா மகனிடம், ஆம்பின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் சிக்கல் இல்லை, வயரை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 120 என்று இருந்தால் நம் பிளக்கில் செருகிய அன்றே என் கடைக்கு வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்தான், ஆனால் மேடைக்கு மேடை அதையும் தூக்க வேண்டும், யாராவது ஒருநாள் அவசரத்தில் நேராகச் செருகிவிடுவார்கள். எத்தனை பார்த்திருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த் பேஸ்:
மின்பொறி அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆக்டிவ் பேஸ்தான். எப்போதும் கேபிளோடுதான் நிற்கும். பாட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று யோசித்தால் நினைவே இல்லை. மீட்டரில் 6.1 காட்டியது. புதிது போட்டேன், 'பர்ர்' முக்கால்வாசி போய்விட்டது. இதற்காக நான் 6,500 செலவு செய்யப் பார்த்தேன்!

ஆனால் சத்தம் பற்றாதது அப்படியே இருக்கிறது. நேற்று ஒத்திகையில் நாபை நடுவில் வைத்து, மிட் ஏற்றி, மூலையில் வைத்தேன், கொஞ்சம் வெளியே வந்தேன், டிரம்மர் சூடாகி அடிக்கத் தொடங்கியதும் மறுபடி மூழ்கினேன். பிஏ சொந்தமாக இருக்கிறது, ஆம்ப் உள்ளேயே உள்ள 12 அங்குலப் பெட்டிகள் இரண்டு, ஒரு சின்ன மிக்சர். சப் (அடிச்சத்தத்துக்கான தனிப் பெட்டி) கிடையாது. இதுவரை பாட்டுக்காரர்களும் கீபோர்டும் மட்டும்தான் அதில் போகிறார்கள்.

கீபோர்டு அக்கா:
யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். உங்கள் கீபோர்டுக்காரர் இடது கையால் என்ன செய்கிறார்?

நம் ஊர்க் குழுக்களில் பாதிப்பேர் தனியாக, ஸ்டைல் (கீபோர்டில் தானாக ஓடும் தாளமும் பின்னணியும்) போட்டு, ஒரே ஆளாகக் கல்யாணம் நடத்திப் பழகியவர்கள், நான் உட்பட. இடது கை தானாகவே பேஸ் போகும். போதாக்குறைக்கு ஸ்டைலுக்குள்ளேயே பேஸ் என்று தனியாக ஒரு வரி ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் பிஏ வழியாக. நீங்கள் பாட்டுக்கு 35 வாட்டில் அதே சுரத்தை வாசித்தால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சேறாகத்தான் இருக்கும். ஸ்டைலில் பேஸ் பகுதியை மட்டும் அணைக்க வழி இருக்கிறது, அணைக்கச் சொல்லுங்கள். இடது கையை நடு சி பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். என் தம்பி எங்கள் குழுவில் பேஸுக்கு வந்தபோது இதற்காக நாங்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

சாட்ஸ்வொர்த் பேஸ்:
அக்கா, கேட்டுப் பார்த்தேன். இரண்டும் செய்கிறாராம். "நீ வருவதற்கு முன்னாலேயே நான் இப்படித்தான்" என்கிறார்.

மின்பொறி:
சொந்த பிஏ இருக்கிறது என்றால் கணக்கே வேறு. உங்கள் ஆம்ப் மண்டபத்தை நிரப்பத் தேவையில்லை, மேடையை நிரப்பினால் போதும். மண்டபத்துக்கு டிஐ (பேஸ் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இணைப்பு) வழியாக பிஏவுக்குக் கொடுங்கள். வாங்கும் காம்போவில் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் (மிக்சருக்கு நேராகக் கேபிள் போடும் துளை) இருந்தால் தனி டிஐ பாக்ஸ் வேண்டாம். ஃபெண்டர் ரம்பிள் 100இல் அது உண்டு, 10 கிலோதான், ஆனால் நீங்கள் சொன்ன பட்ஜெட்டுக்குள் வருமா என்பதைக் கடையில் கேளுங்கள். பழைய பெட்டியில் இல்லை என்றால் ஒரு டிஐ பாக்ஸ், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இப்படி இணைத்த பிறகு உறுமல் கேட்டு, அது ஆம்புக்கும் மிக்சருக்கும் இடையில் எர்த் சுற்றிக்கொள்வதால் வருவது என்றால் சுவிட்சைத் தட்டினால் அடங்கும். அடங்கவில்லை என்பதற்காக பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுவது, டேப் சுற்றுவது, இதெல்லாம் செய்யவே செய்யாதீர்கள். ஜெனரேட்டர் எர்த் சரியில்லாத மண்டபத்தில் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சப் இல்லாத 12 அங்குலப் பெட்டி என்பதால், மிக்சரில் உங்கள் சேனலின் அடியைக் கொஞ்சம் வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாட்டுக்காரர் குரலும் சேர்ந்து நடுங்கும்.

டோங்காட் ஐந்து கம்பி:
சரி, பிஏ இருக்கிறது என்றால் நானும் இறங்கி வருகிறேன். மாரிட்ஸ்பர்க் பெட்டியைப் போய்ப் பார். சொந்த பேஸையும் சொந்த கேபிளையும் கொண்டு போ. அவர் சுத்தமாக வாசித்துக் காட்டுவதை நம்பாதே, நீயே அரை மணி நேரம் வாசி, சூடான பிறகுதான் குணம் தெரியும்.

மின்பொறி:
மெதுவாக வாசித்து எல்லா நாப்களையும் திருப்புங்கள், கரகரவென்றால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனால் விலை குறைக்க அது நல்ல சாக்கு. பிறகு கிரில்லைக் கழற்ற முடிந்தால் ஆம்பை அணைத்துவிட்டு இரண்டு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் கூம்புக்குப் பின்னால் உள்ள கம்பிச்சுருள் தேய்கிறது, விட்டுவிட்டு வாருங்கள். கீழ் இ கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு கட்டையாக (ஃப்ரெட்) ஏறுங்கள், ஏதாவது ஒரு சுரத்தில் மட்டும் கடகடத்தால் அது கைப்பிடியோ திருகோதான். கடலோரத்தில் கிடந்த பெட்டி என்றால் திருகுகளில் துரு இருக்கும், ஜாக்கை ஆட்டிப் பாருங்கள்.

பின்னால் ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) எவ்வளவு என்று படியுங்கள். நாளைக்கு இன்னொரு பெட்டி சேர்க்க ஆசை வரும். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4, அது பெரும்பாலான ஆம்ப்களுக்குச் சரி. 4 ஓம் இரண்டு சேர்ந்தால் 2, அது எனக்கு வருமானம்.

சாட்ஸ்வொர்த் பேஸ்:
வாங்கிவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமை நண்பனின் பக்கி (பிக்கப்) வண்டியில் மாரிட்ஸ்பர்க் போனோம். விற்றவர் ஒரு சர்ச்சில் வாசித்தவர், பெட்டியைத் துணி போட்டு மூடிப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். கூம்பு உரசவில்லை, இரண்டு நாப் கரகரத்தது, மூன்றாம் கட்டையில் கடகடத்தது, பார்த்தால் பின்பக்கத் திருகு ஒன்று தளர்ந்திருந்தது. 4,200க்கு முடிந்தது. லைன் அவுட் இல்லை, மிச்சக் காசில் டிஐ பாக்ஸும் நல்ல கேபிளும் வாங்கி, கையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நேற்று வெருலத்தில் ஒரு வரவேற்பு. வால்யூம் பாதியைத் தாண்டவே இல்லை. பாடிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார், முதல் தடவை. கீபோர்டுக்காரர் ஸ்டைலில் பேஸை அணைத்துவிட்டார், இடது கையும் இரண்டு பாட்டுக்கு அடங்கியிருந்தது, மூன்றாவது பாட்டில் குத்துப்பாட்டு வந்ததும் தானாகக் கீழே போய்விட்டது.

ஒரே சிக்கல். வீட்டில் தராசு வைத்துப் பார்த்தேன், 31 கிலோ. அடுத்த வாரம் மண்டபம் முதல் மாடியில், லிஃப்ட் இல்லை. பெட்டிக்கு அடியில் துளை போட்டுச் சக்கரம் மாட்டலாமா?

மின்பொறி:
துளை போடாதீர்கள். திருகு தளர்ந்தால் பெட்டி காற்று ஒழுகும், நீங்கள் மறுபடி 'பர்ர்' என்று எழுதுவீர்கள். மடக்கும் தள்ளுவண்டி ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள்.

பழைய தாளக்காரன்:
மாடிப்படிக்குத் தள்ளுவண்டி உதவாது தம்பி. இடது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, அந்தக் கீபோர்டுக்காரரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்.