கடின நீரா, வன்னீரா? புதன்கிழமைக்குள் வேண்டும்

கோத்தகிரி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கான நீர்ச்சோதனைக் கையேடு புதனன்று அச்சுக்குப் போகிறது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த நீரைப் பாடநூல் ‘கடின நீர்’ என்கிறது. “கடினமான கணக்கு மாதிரியா, டீச்சர்?” என்கிறார்கள் பிள்ளைகள். குழாய் வாயில் வெள்ளை பூத்து அடைத்துக்கொள்வதைக் கோவையில் ஆழ்துளைக் கிணறு வைத்திருக்கும் உறவினர் வீட்டில்தான் பார்த்திருக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

குன்னூர்ப் புலவர்:
வன்னீர். வன்மை + நீர். ஈறு போயிற்று, நகரம் னகரமாயிற்று. மென்னீர் எத்தனை காலமாக இணையில்லாமல் நிற்கிறது! வல்லினம், மெல்லினம் போல. நடுத்தரமானதற்கு இடைநீர்.

ஆசிரியை:
வகுப்பில் சொல்லிப் பார்த்தேன் ஐயா. “கல்யாணத்தில் தெளிப்பதா?” என்றான் ஒருவன்.

கூடலூர் அன்பர்:
ஊரே உப்புத் தண்ணீர் என்கிறது. அதையே எழுதுங்களேன்.

உதகை வேதியியலார்:
எழுதினால் நாக்கில் அளப்பார்கள். சமையல் உப்பைக் கரைத்தால் நீர் கரிக்கும், கடினமாகாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரின் கடினத்தன்மைக்கு ஏற்கும் அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில், லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியில்லை என்றால் 600. நாக்கா சொல்லும்? சோப்புதான் சொல்லும். நுரையா நீர் எனலாம்.

புலவர்:
ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் சலவைத்தூள் போட்டால் நுரைக்கிறதே? புறநானூறு 311-ஐப் பாருங்கள், களர்நிலக் கிணற்று நீரில் துவைத்த ஆடை தூவெள்ளை. அங்கிருந்து ‘களர்நீர்’...

வேதியியலார்:
களரில் இருப்பது சோடிய உவர், ஐயா. அது அழுக்கை எடுக்கும். நாம் பேசுவது சோப்பைத் தின்னும் நீரை. நேர் எதிர்.

கூடலூர் அன்பர்:
அப்படியானால் ‘பருப்பு வேகா நீர்’!

வேதியியலார்:
உதகையில் மென்னீரிலேயே பருப்பு வேகாது. 2,240 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குக்கரைக் கேளுங்கள்.

ஆசிரியை:
மணி பதினொன்று. தேர்வுத்தாளில் வரப்போவது கடின நீர்தான். மூவர் அதற்கே சம்மதித்துவிட்டோம். வன்னீரை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

புலவர்:
அடைப்புக்குறிக்குள்ளா! கடின நீரில் ‘டி’ ஒன்று விழுந்தால் கன நீர். அது கல்பாக்கம் அணு உலைக்குப் போவது. மெய்ப்பை யார் பார்க்கிறார்கள்?