காட்டுச் சேவல் என்று நம்பினேன்

நான் காட்டோரத்தில் கோழி வளர்ப்பவன். ஒருநாள் விடியற்காலையில் தீவனம் போடப் போனபோது என் பெட்டைகளோடு ஒரு புதுச் சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. பொன்னிறக் கழுத்து, செம்முதுகு, வாலடியில் வெள்ளைத் திட்டு. சிவப்புக் காட்டுக்கோழியேதான் என்று மனம் துள்ளியது. கிட்டே போனேன். அது பறக்கவில்லை, நாலு எட்டு தள்ளிப் போய் மறுபடியும் கொத்தியது. அங்கேதான் உறுத்தியது. அசல் காட்டுச் சேவல் ஆள் நிழலைக் கண்டாலே புதருக்குள் மறைந்துவிடும்.

அப்புறம் காலைக் கவனித்தேன். காட்டுக்கோழிக்கு ஈயச் சாம்பல் நிறக் கால். இதற்கு நல்ல மஞ்சள். (அந்த மஞ்சள் நாட்டுக்கோழிக்கு வந்ததே சாம்பல் காட்டுக்கோழியோடு எப்போதோ நடந்த கலப்பால்தான் என்று 2008இல் கண்டுபிடித்தார்கள்.) வாலையும் வீட்டுச் சேவல் மாதிரி தூக்கியே வைத்திருந்தது.

ஆனாலும் ஆசை விடவில்லை, கோடை முழுக்கக் கண் வைத்திருந்தேன். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அசல் சேவலின் கழுத்திலுள்ள நீண்ட பொன்னிறகுகள் உதிர்ந்து, குட்டையான கறுப்பிறகு முளைக்கும். கொண்டையும் சுருங்கும். கலப்பு ஏறிய சேவலில் இந்த மாற்றம் மங்கிவிடும். இது கடைசிவரை பொன்கழுத்தோடே திரிந்தது.

அதைவிட வலித்தது புதரோரம் பார்த்த பெட்டைகள். காட்டுப் பெட்டைக்குக் கொண்டை இருப்பதே தெரியாது. இவற்றில் இரண்டின் தலையில் சிவப்பாக, பல் பல்லாக நின்றது. அவிழ்த்துவிட்டிருந்த என் சேவல்கள்தான் காரணமாக இருக்க வேண்டும். நூறாண்டுப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு 2023இல் வந்த மரபணு ஆய்வு, இன்றைய காட்டுக்கோழிகளில் 20 முதல் 50 சதவீதம் வீட்டுக்கோழி மரபு என்கிறது. இப்போது என் சேவல்கள் வேலிக்குள்தான், மேலே வலையும் போட்டாயிற்று.

*

எனக்குக் காடையில் இதே கதை. பண்ணையில் மிஞ்சிய ஜப்பானியக் காடைகளைப் பாவமே என்று தெரிந்தவர் ஒருவர் வயலில் விட்டார். காட்டு இனமான சாதாரணக் காடையின் குரல் மூன்று துண்டாக, தெளிவாகக் கேட்கும். அடுத்த பருவத்தில் அந்த வயலில் கேட்டது கரகரப்பாக, இழுத்த மாதிரி இருந்தது, பண்ணைக் காடையின் கலப்பாகத்தான் இருக்க வேண்டும். பண்ணைக் காடைக்கு வலசை போகும் உந்துதல் தேய்ந்து போயிருக்கிறது, அது குஞ்சுகளுக்கும் போகும். சரி, பிடித்துவிடலாம் என்று வலையோடு போனோம். நான்குதான் சிக்கின.