காயமே இல்லை என்றுதான் அப்பா சொல்வார்

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். அப்பா ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். 1987-இல் அமைதிப் படையோடு யாழ்ப்பாணம் போனபோது முன்னால் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிக்க, பின்வண்டியில் இருந்த இவர் தூக்கி வீசப்பட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. "காதுதான் ரெண்டு நாள் குய்யுன்னு இருந்துச்சு" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவார்.

தலைவலி வராத வாரம் கிடையாது. கரண்டி கீழே விழுந்தாலே கத்துவார். திருவிழா வேட்டுக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். பட்டாளத்துக் கோபம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். காட்டிய டாக்டர்களும் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்ததோடு சரி.

போன வருடம் மதுரையில் ஒரு இளம் டாக்டர்தான் கேட்டார். "ஐயா, சர்வீஸ்ல உங்க பக்கத்துல ஏதாவது வெடிச்சிருக்கா? அப்ப நினைவு தப்புச்சா, இல்ல திகைச்சுப் போனீங்களா?" அப்பா வெகுநேரம் யோசித்தார். "வண்டி திரும்புனது ஞாபகம் இருக்கு சார். அப்புறம் டென்ட்டுல டீ குடிச்சது. நடுவுல ஒண்ணுமில்ல." அம்மாவுக்கே அது அன்றுதான் தெரியும். வெளியே வந்து அழுதுவிட்டார்.

நினைவு தப்பியது அரை மணிக்குள், குழப்பமும் மறதியும் ஒரு நாளுக்குள் என்றால் அதை லேசான மூளைக்காயம் என்கிறார்கள். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதனால்தான் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஈராக், ஆப்கானிஸ்தான் போய்வந்து சிகிச்சைக்கு வருகிற வீரர்களிடம் 2007 முதல் இப்படிக் கேட்கிறார்கள். 'ஆமாம்' என்று சொன்னாலே நோய் உறுதியாகிவிடாது. தூக்கமின்மையும் எரிச்சலும் மனக்காயத்தாலும் வரும். அப்பாவுக்கு இரண்டுமே இருக்கிறது என்று விரிவாகப் பார்த்த பிறகு சொன்னார்கள். இப்போது தூக்கத்துக்கும் தலைவலிக்கும் முறையாக வைத்தியம் நடக்கிறது. முன்னைக்கு இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

திருமங்கலத்திலிருந்து ஒரு சகோதரி:

என் வீட்டுக்காரர் பீரங்கிப் படை. இதே கேள்விக்கு அவர் "இல்லை" என்றுதான் சொன்னார். தினமும் பீரங்கி சுடுவது அவருக்கு வேலை, அதை வெடிவிபத்தில் சேர்ப்பாரா? பயிற்சியில் எத்தனை வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றார் என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். தயவுசெய்து வீட்டில் ஒருவர் டாக்டர் அறைக்குள் கூடவே போங்கள். நம்ம ஆட்கள் வலியைச் சொல்ல மாட்டார்கள்.

மதுரையிலிருந்து ஒரு நர்ஸ்:

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் பழைய அடி மேல் போட்டுவிடாதீர்கள். வயதானவர் பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்தாலும், மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். தடுமாற்றம், பேச்சுக் குழறல், எப்போதும் இல்லாத தூக்கக் கலக்கம் என்று புதிதாக எது தெரிந்தாலும் அன்றைக்கே சிடி ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போங்கள். இந்த ரத்தக் கசிவு ஸ்கேனில் தெரியும்.