கணினியில் சிற்பம் பழகத் தொடங்குபவருக்குப் பென் டேப்லெட் தேவையா? உங்கள் அனுபவங்கள்

மண்விரல், கொசப்பேட்டை

எங்கள் வீட்டில் விநாயகர் சிலையும் கொலு பொம்மையும் செய்வதுதான் தொழில். ஆகையால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்து, சிற்பம் செய்யும் ஸ்கல்ப்ட் பகுதிக்குள் நுழைந்த நாளில், கை பழகிய வேலைதானே என்ற மிதப்பு எனக்கு இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியும் ஒரு சாதாரண மவுஸும்தான் என் கருவிகள். ஓர் உருண்டையிலிருந்து கிராப் பிரஷால் தும்பிக்கையை இழுத்து வளைத்ததும், மண்ணை அப்புவது போன்ற கிளே ஸ்ட்ரிப்ஸ் பிரஷ் கொண்டு வயிற்றை நிரப்பியதும் ஒரே மாலையில் முடிந்தன. கண்ணிமைக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது.

சதுர்த்தி வியாபாரம் ஓய்ந்த ஓர் இரவில் அப்பா என் பின்னால் வந்து நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்து ஒரு கோடு இழுத்தார். அதன் பக்கத்திலேயே இன்னும் அழுத்தி ஒரு கோடு இழுத்தார். இரண்டும் ஒரே ஆழத்தில் இருந்தன. மூன்றாம் முறை, குழைத்த மண்ணை அமுக்குவது போல உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்தினார், மேசைதான் ஆடியது. "நான் எவ்ளோ அழுத்துறேன்னு இதுக்குத் தெரியவே இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொத்தான் அழுந்தியிருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே மவுஸுக்குத் தெரியும் என்பதை நானும் அறிவேன். இருந்தாலும் அந்தக் கோடுகளை இன்றுவரை அழிக்காமல் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். தொடக்கத்திலேயே பென் டேப்லெட் (பேனாவின் அழுத்தத்தை உணரும் பலகை) வாங்கியவர்கள், வாங்காதவர்கள் இருவரும் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ரேகை, தண்டையார்பேட்டை

நான் வாங்கியவன். அதுவும் மென்பொருளைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே வாங்கியவன். 8192 படிநிலைகளில் அழுத்தத்தை உணரும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்ததைப் படித்து, அத்தனை படிகளும் என் விரலுக்குள் வந்து இறங்கிவிடும் என்று நம்பினேன். இரண்டு மாதம் முகம் முகமாகச் செய்தேன். எல்லா முகமும் கத்தியால் செதுக்கிய உருளைக்கிழங்கு போலவே இருந்தது. என் கைதான் மொத்தை என்று முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பதினோராம் வகுப்புப் பையன் ஒருநாள் எட்டிப் பார்த்தான். அவனிடம் முந்நூறு ரூபாய் மவுஸ்தான் உண்டு. என் பேனாவை வாங்கி ஒரு கோடு மெதுவாகவும் ஒரு கோடு அழுத்தமாகவும் இழுத்துவிட்டு, "அண்ணா, இதுல பிரஷரே வேலை செய்யலையே" என்றான். டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் ஒரு வழியில் தகவல் அனுப்ப, பிளெண்டர் வேறொரு வழியில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. பிரிஃபரன்ஸஸ் பகுதியில் இன்புட் என்பதற்குள் போய், பேனாவின் தகவலைப் பெறும் வழியான டேப்லெட் ஏபிஐயை வின்டேபிலிருந்து விண்டோஸ் இங்க்குக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டு மாதமும் நான் விலை உயர்ந்த ஒரு மவுஸைத்தான் பேனா போலப் பிடித்திருந்தேன். அந்தப் பையனை மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

பதக்கம், சௌகார்பேட்டை

மண்விரல் அவர்களின் தந்தையை மதிக்கிறேன். ஆனால் அந்த நிகழ்ச்சியை வைத்து மவுஸின் மேல் குறை சொல்வதை ஏற்க மாட்டேன். நான் நகைப் பட்டறைகளுக்கு மாடல் செய்து கொடுப்பவன். மோதிரம், வளையல் என்றால் அளவும் கோணமும்தான் வேலை. எண்களைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் பேனா வெறும் இடைஞ்சல். தெய்வ உருவம் வரும் பதக்கங்களுக்கு மட்டுமே ஸ்கல்ப்டிங் செய்கிறேன், அதையும் ஆறு வருடமாக மவுஸில்தான் செய்கிறேன்.

ஒருமுறை 22 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மகாலட்சுமி பதக்கம். மெழுகில் அச்சாகி வந்ததும் பட்டறையின் மூத்த பத்தர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொடவக் கொசுவத்துல ஆறு மடிப்பும் ஒரே ஆழமா இருக்கே தம்பி, சீப்பு வெச்சு இழுத்தியா?" என்று கேட்டார். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அன்று இரவே ஷிஃப்ட், எஃப் விசைகளால் ஒவ்வொரு மடிப்புக்கும் பிரஷின் வலிமையை மாற்றி, மடிப்பு ஓயும் இடத்தில் ஷிஃப்டை அழுத்தி மென்மையாக்கி, நான்கு மணி நேரத்தில் முழுவதையும் மறுபடி செய்தேன். பேனா இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பீர்கள்; இருக்கலாம். ஆனால் வார்த்து, பாலிஷ் போட்ட பிறகு எது மவுஸ் கோடு, எது பேனாக் கோடு என்று அந்தப் பத்தராலும் சொல்ல முடியாது. (சொல்லிவிடுவாரோ என்ற ஐயம் எனக்கும் உண்டு.)

நிதானம், பெரம்பூர்

மவுஸில் எட்டு மாதம் வேலை செய்தேன், மணிக்கட்டு வலி வந்தது, பேனாவுக்கு மாறினேன், வலி குறைந்தது. என் கதை இவ்வளவுதான். ஆனால் மேலே எழுதிய மூவரும் முக்கியமானவற்றை விட்டுவிட்டதால், புதிதாக வருபவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில், திரையுள்ள டேப்லெட்டை யாரும் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். ஏறக்குறைய ஆறுக்கு நான்கு அங்குலம் வரைபரப்புள்ள சிறிய பலகை சிற்பத்துக்குத் தாராளம், ஏனென்றால் இங்கே நீளமான கோடுகளை விட, உருவத்தைத் திருப்பித் திருப்பிக் குறுகிய கோடுகள் இழுப்பதே அதிகம். வாங்கியதும் சிற்பத்தில் இறங்கிவிடாதீர்கள். கை மேசையிலும் கண் திரையிலும் இருப்பது பழகும் வரை ஒரு வாரமாவது கணினியின் எல்லா வேலைகளையும் பேனாவாலேயே செய்யுங்கள். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் பலகையை ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் வட்டம் முட்டை ஆகிவிடும். பேனாவின் பக்கவாட்டுப் பொத்தானை மவுஸின் நடுப்பொத்தானாக அமைத்துக்கொண்டால் உருவத்தைச் சுழற்றுவது எளிது. இடக்கை விசைப்பலகையை விட்டு எழவே கூடாது: எஃப் என்றால் பிரஷின் அளவு, கன்ட்ரோல் என்றால் மேடு பள்ளமாகும், ஷிஃப்ட் என்றால் மென்மையாகும். இந்த மூன்றும் கைக்கு வராதவருக்கு எந்தப் பேனாவும் உதவாது. பதக்கம் அவர்கள் நான்கு மணி நேரம் உழைத்ததும் ஏறத்தாழ இவற்றை வைத்துத்தான். மேலும், அடிப்படை உருவத்தைத் திரட்டும் கட்டத்தில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. கிராப் பிரஷுக்கு மவுஸ் போதும். உருவத்தின் மேற்பரப்பு வலையைச் சீராக மறுபடி அமைக்கும் வோக்சல் ரீமெஷை எப்போது இயக்குவது என்பதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ரேகை, தண்டையார்பேட்டை

நிதானம் ஐயா, நேர்ந்ததைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். உங்கள் மணிக்கட்டுக்கு ஒரு வரியும் எங்களுக்கு ஒரு பாடப் புத்தகமும் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் அந்த முட்டை விஷயம் எனக்கும் நடந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

செவுள், காசிமேடு

நான் மவுஸும் வாங்கவில்லை, பேனாவும் வாங்கவில்லை. கைப்பேசியில் நோமாட் ஸ்கல்ப்ட் செயலியை நிறுவிக்கொண்டு விரலாலேயே பழகினேன். செதுக்கும் இடத்தை விரலே மறைத்துவிடும் என்பதால் திரையைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, ஒரு வஞ்சிரம் மீனைச் செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு வாரத்துக்கு மேல் செதில்களுக்கே போனது. செதில் வடிவப் படத்தைப் பிரஷில் ஏற்றி, தலையிலிருந்து வால் வரை வரிசை பிசகாமல் பதித்தேன்.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அத்தையிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கைப்பேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவன்டா வஞ்சிரத்துக்குச் சங்கரா சட்டைய மாட்டி வுட்டது?" என்றார். பிறந்ததிலிருந்து துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்பவன் நான். வஞ்சிரத்தின் செதில்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை, தோல் வழவழப்பாகவே தெரியும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. சாப்பிடும்போது தெரிந்தது, செதுக்கும்போது தெரியவில்லை. 8192 படிநிலை இருந்திருந்தால் அதே தவறான செதில்களை இன்னும் நேர்த்தியாகப் பதித்திருப்பேன். பேனா வாங்கப் பணம் சேர்க்கிறேன், அதை மறுக்கவில்லை. இப்போதைக்குக் காலையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று மீன்களைப் படம் வரைந்துகொண்டிருக்கிறேன்.

மண்விரல், கொசப்பேட்டை

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சீப்பு வைத்து இழுத்த கதைக்குத்தான் அதிகம் சிரித்தார். இந்த வாரம் தோழியின் பென் டேப்லெட்டை இரவல் வாங்கி வந்து, ரேகை அவர்கள் சொன்ன அமைப்பை முதலிலேயே சரிபார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். முதல் கோடு லேசாக விழுந்தது. இரண்டாவது ஆழமாக விழுந்தது. "ம்" என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் எழவில்லை. ஒரு பக்கத்துக் கண்ணிமையும் புருவ மேடும் வந்துவிட்டன. சமச்சீர் வசதியைப் போட்டுக் காட்டியதும் மறுபக்கம் தானாக வருவதைப் பார்த்து, அது மட்டும் வேண்டாம், இரண்டு கண்ணையும் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார்.

இப்போது ஒரு சிக்கல். மண்ணுக்குக் கொடுக்கும் அழுத்தத்தையே பேனாவுக்கும் கொடுத்ததில், பலகையின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் விழுந்திருக்கிறது. டிரைவரில் அழுத்த வளைவை மாற்றி, லேசாகத் தொட்டாலே போதும் என்று செய்த பிறகும் அவர் கை மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோழியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மேற்பரப்பின் மேல் ஒட்டும் உறை எங்காவது தனியாகக் கிடைக்குமா? நிதானம் ஐயா, இது நானே கேட்கும் அறிவுரை.